கனடா அரசாங்கத்தின்ர பல்லுத்திட்டத்துக்கு (சிடிசிபி) தகுதியில்லை எண்டு பதில் வந்தாக்கள் என்ன செய்யிறது? கம்பனி இன்சூரன்ஸ் இருக்கு, ஆனா பல்லுக்கு உதவாது

ஸ்காபரோவாணி:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீட்டா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. எனக்கு 41 வயசு, மனுசனுக்கு வெயார்ஹவுஸ் ஒண்டில நைட் ஷிஃப்ட், நான் பேக்கரி ஒண்டில கிழமைக்கு 24 மணித்தியாலம் வேலை, ரெண்டு பிள்ளையள். ரெண்டு பேரின்ர உழைப்பையும் சேர்த்தா போன வருசம் 68,000 டொலர் சொச்சம். தைப்பொங்கலுக்கு முதல் நாள் இரவு கீழ்ப்பக்க கடைவாய்ப்பல்லு கொதிக்கத் தொடங்கினது, கராம்பு எண்ணெயில பஞ்சை நனைச்சு பல்லுக்க வைச்சுக்கொண்டுதான் விடிய எழும்பி பொங்கினனான், புக்கையில ஒரு வாய் கூட வைக்க ஏலேல்ல, இனிப்பு பட்டதும் காது வரைக்கும் இழுக்குது.

பல்லு டொக்டரிட்ட போனால் எக்ஸ்ரே எடுத்து ஸ்கிரீனில பெரிசாக்கி காட்டினவா. சூத்தை நரம்பு வரைக்கும் இறங்கிட்டுது, வேரடியில கறுப்பா ஒரு வட்டம். ரூட் கனாலும் கிரவுனும் சேர்த்து 2,900 டொலர், புடுங்கிறதெண்டால் 280. யோசிச்சு சொல்லுங்கோ எண்டு ஒரு கடதாசியில எழுதித் தந்தவா, அது இப்பவும் ஃபிரிட்ஜில ஒட்டிக் கிடக்கு.

சரி எண்டு பெடரல் பல்லுத்திட்டத்துக்கு, அதுதான் சிடிசிபிக்கு, போட்டனான். 2025 யூன்ல இருந்து எல்லா வயசுக்காரருக்கும் கிடைக்குது எண்டு எல்லாரும் சொன்னவை, குடும்ப வருமானம் 70,000க்கு கீழ எண்டால் கோ-பே, அதுதான் நாங்கள் கட்டிற பங்கு, அதுகூட இல்லை. வந்த பதில் தகுதியில்லை. என்ன காரணம் எண்டால் மனுசன்ர வேலையில டென்டல் இருக்கு. இருக்கிறது உண்மைதான். அந்த பெனிஃபிட் புத்தகத்தை எடுத்து வரிவரியா வாசிச்சனான். ஆளுக்கு வருசத்துக்கு 600 டொலர் மட்டும், கிளீனிங், எக்ஸ்ரே, சின்ன அடைப்பு. ரூட் கனால், கிரவுன் ரெண்டும் சேராது எண்டு ஒரே வரியில முடிச்சிருக்கு. இதுக்கு எங்களிட்ட ரெண்டு கிழமைக்கு ஒருக்கா 31 டொலர் சம்பளத்தில வெட்டுப்படுது. வருசத்துக்கு 806 டொலர் கட்டிறம், அதைக் கட்டிறதாலதான் எங்களுக்கு அரசாங்கத் திட்டம் இல்லை.

என்ர கேள்வி இதுதான். இந்த கம்பனி பிளானை நிப்பாட்டினால் சிடிசிபி எடுக்க ஏலுமோ? ஆரும் அப்பிடி செய்தனீங்களோ?


பல்சுத்தம்_மார்க்கம்:
தங்கச்சி, நிப்பாட்டிப் போடாதேங்கோ! நான் டென்டல் ஹைஜீனிஸ்ற், 14 வருசமா இந்த வேலை, இந்தக் கேள்வியை கிழமைக்கு நாலு பேர் நாற்காலியில படுத்திருந்துகொண்டே கேக்கினம்.

சிடிசிபி பாக்கிறது உங்களிட்ட இன்சூரன்ஸ் இருக்கோ எண்டு இல்லை, உங்களுக்கு அது கிடைக்கக்கூடிய நிலை இருக்கோ எண்டுதான். வேலைத்தலம் குடுக்குது, நீங்கள் வேண்டாம் எண்டுட்டீங்கள் எண்டாலும் கிடைக்கக்கூடிய நிலை எண்டுதான் கணக்கு. பிரீமியம் நீங்களே கட்டவேணும் எண்டாலும் அதே கணக்கு, மனுசன்ர வேலையால உங்களுக்கு வருது எண்டாலும் அதே. வேலை ஹெல்த் ஸ்பெண்டிங் எக்கவுண்ட் எண்டு ஒரு சின்னத் தொகை தந்தாலும் அதுவும் சேருது. வெளியில உங்கட காசில தனியா வாங்கின பிளான் எண்டால் மட்டும் அதை நிப்பாட்டிட்டு போடலாம், வேலைப் பிளானுக்கு அது சரிவராது. நிப்பாட்டினால் உள்ளதும் போகும், புதுசும் வராது.

ஓய்வூதியக்காரருக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கு. 2023 டிசம்பர் 11க்கு முதல் ரிட்டயர் ஆகி, அப்பவே பென்ஷன் டென்டலை வேண்டாம் எண்டு விட்டு, திரும்பவும் சேர ஏலாது எண்டவை போடலாம்.

பல்லை பற்றி ஒண்டு. புடுங்கிறது மலிவு எண்டு அவசரப்படாதேங்கோ. கடைவாய்ப்பல்லு ஒண்டு போனால் பக்கத்துப் பல்லு அந்த இடத்துக்கு சாயும், மேல்பல்லு கீழ இறங்கும், ஏழெட்டு வருசத்தில அங்க வேற பிரச்சினை. உங்கட வயசுக்கு அந்தப் பல்லு காப்பாத்தவேண்டிய பல்லு. ஆனா காய்ச்சலோ கன்னம் வீக்கமோ வந்தால் உடன போங்கோ, விழுங்கக் கஷ்டம் எண்டால் ஆஸ்பத்திரிக்கு, விடியட்டும் எண்டு இருக்கவேண்டாம்.


காவேரிக்கரை:
வாணி அக்கா, நான் திருச்சி, இப்ப மிஸிஸாகாவில இருக்கேன், டாக்ஸ் ஃபைல் பண்ற வேலை. பல்சுத்தம் அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒரு விஷயத்தை எல்லாரும் உடனே செக் பண்ணுங்க, கம்பெனி வருஷா வருஷம் டாக்ஸுக்காக தர்ற சம்பள ஸ்லிப், அந்த டி4ல 45ஆம் கட்டம். 2023 வருஷ டி4ல இருந்துதான் அந்தக் கட்டம் வந்துச்சு. அதுல 1ல இருந்து 5 வரைக்கும் ஒரு நம்பர் இருக்கும். 1ன்னா டென்டல் எதுவும் கிடையாது, 2ன்னா வேலை பாக்குறவருக்கு மட்டும், 3ன்னா அவர், துணை, பிள்ளைங்க எல்லாருக்கும், 4ன்னா அவரும் துணையும், 5ன்னா அவரும் பிள்ளைங்களும். டிசம்பர் 31 அன்னிக்கு என்ன நிலைமையோ அதைத்தான் கம்பெனி போடணும். பென்ஷன் வாங்குறவங்களுக்கு டி4ஏல 15ஆம் கட்டம்.

ஏன் சொல்றேன்னா போன சீசன்ல என்கிட்ட வந்த ஒருத்தருக்கு 3ன்னு போட்டிருந்தாங்க, ஆனா அவங்க கம்பெனி பிளான் வேலை பாக்குறவருக்கு மட்டும்தான், வீட்டம்மாவுக்கோ பையனுக்கோ காசு கட்டினாகூட சேர வழியே இல்ல. பேரோல் பண்றவங்க எல்லாருக்கும் ஒரே நம்பரை அடிச்சு விட்டிருக்காங்க. அவர் எச்ஆர்கிட்ட எழுத்துல கேட்டு, திருத்தின டி4 வாங்கி, அதுக்கப்புறம் அந்தம்மாவும் பையனும் சிடிசிபியில சேந்துட்டாங்க. ஒரு நம்பர்தாங்க, 2க்கு பதிலா 3.

உங்க வீட்டுக்காரரோட டி4ல என்ன இருக்கு?


ஸ்காபரோவாணி:
இப்பத்தான் பெட்டியைக் கிளறி எடுத்தனான். 3. எங்களுக்கு அது சரியான நம்பர்தான் தம்பி, பிளானில நாங்கள் நாலு பேரும் இருக்கிறம். பிழை எண்டால் திருத்தலாம், இது சரியா இருக்கிறதுதான் எங்கட பிரச்சினை.

600 டொலர் பிளானுக்கும் 3, பாங்கில வேலை செய்யிற என்ர மச்சாளின்ர 2,500 டொலர் பிளானுக்கும் 3. எங்கட பிளான் எவ்வளவு குடுக்குது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.


மல்வேர்ண்_அண்ணை:
பிள்ளை, உம்மட கதை மனசுக்கு கஷ்டமா கிடக்கு. நான் மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும், ஏன் எண்டால் இந்தத் திட்டத்தால எங்கட வீட்டில நடந்தது பெரிய விசயம். ஐயாவுக்கு 84. கடைசிப் பல்லும் போய் ஒன்பது வருசம், செட் கட்ட காசில்லை, இடியப்பத்தை சொதியில ஊறவிட்டு கரைச்சுத்தான் குடுப்பம். 87க்கு மேற்பட்டவைக்கு 2023 டிசம்பரில திறந்து, அடுத்த மாசம் 77க்கு மேல எண்டு இறக்கினவை, நாங்கள் அண்டைக்கே போட்டு, மே மாசம் திட்டம் தொடங்க டென்சரிஸ்ற்றிட்ட கூட்டிக்கொண்டு போனனான். மெழுகில அச்செடுத்து, நாலு தரம் போட்டுப் பாத்து, ஒரு வெள்ளிக்கிழமை செட் வந்தது. வீட்ட வந்து ஐயா ஒருத்தரோடயும் கதைக்கேல்ல, சாமியறை கண்ணாடியில நிண்டு வாயைத் திறந்து திறந்து பாத்தவர். அடுத்த நாள் கச்சான் கேட்டவர்.

அதால இந்தத் திட்டம் கூடாது எண்டு ஆரும் சொன்னால் நான் விடமாட்டன். 2022 மார்ச்சில லிபரல் கட்சியும் என்டிபி கட்சியும் செய்த உடன்பாட்டால வந்தது இது. 1964இலயே நீதிபதி ஹோலின்ர கமிஷன் பிள்ளையளுக்கு பல்லு வைத்தியமும் சேர்க்கவேணும் எண்டு எழுதிக் குடுத்தது, மெடிகெயர் எண்ட அரசாங்க வைத்தியக் காப்பு வரேக்க பல்லை வெளியில விட்டிட்டினம். 1984 கனடா ஹெல்த் அக்டிலயும் ஆஸ்பத்திரிக்குள்ள செய்யிற பல்லு சத்திரசிகிச்சை மட்டும்தான். கையை வெட்டிக்கொண்டு போனால் மாகாண வைத்தியக் காப்பின்ர ஓஹிப் காட் போதும், அதே வாய்க்குள்ள சீழ் கட்டினால் கிரெடிட் காட் வேணும். இவ்வளவு காலத்துக்கு பிறகு கதவு திறந்திருக்கு, உம்மைப்போல ஆக்களையும் உள்ளுக்க எடுக்கவேணும் எண்டுதான் கேக்கவேணும்.


தீபன்_பிராம்ப்டன்:
நான் வேற மாதிரி யோசிக்கிறன், கோவிக்கவேண்டாம். எனக்கு ஒரு சின்ன கம்பனி இருக்கு, ஆறு பேர் வேலை. அவைக்கு டென்டல் குடுக்க நான் மாசாமாசம் கட்டிறன், லேசான காசில்லை. வேலைப் பிளான் இருந்தாலும் சிடிசிபி தரலாம் எண்டு அரசாங்கம் சொன்னால் நாளைக்கே என்னைப்போல நூறு முதலாளிமார் பிளானை நிப்பாட்டிடுவினம், நான் நிப்பாட்ட மாட்டன் எண்டு என்னாலயும் சத்தியம் பண்ண ஏலாது. இப்பவே 5 வருசத்துக்கு 1,300 கோடி டொலர் எண்டு ஒதுக்கினது. எல்லாரின்ர சுமையும் அங்க போனால் கடைசியில ஐயாமாருக்கு குடுக்கிறதையும் வெட்டுவினம். அந்த விதியை போட்டதுக்கு காரணம் இருக்கு.


பல்சுத்தம்_மார்க்கம்:
தீபன் அண்ணை, நீங்கள் சொல்லுறது நியாயமான பயம். ஆனா வாணி கேக்கிறது இருக்கிற பிளானுக்கு பதிலா சிடிசிபி தா எண்டு இல்லை. முதல்ல கம்பனி பிளான் கட்டட்டும், அது முடியிற இடத்தில இருந்து சிடிசிபி கட்டட்டும்.

இது ஒண்டும் புதுசா கண்டுபிடிக்கவேண்டிய விசயம் இல்லை அண்ணை. மாகாண சமூகத் திட்டங்களில பல்லு இருக்கிறாக்கள், ஒன்ராறியோவில ஊனமுற்ற ஆக்களுக்கான உதவிக்காசு ஓடிஎஸ்பி எடுக்கிறவை மாதிரி, சிடிசிபிக்கும் தகுதி உள்ளவை. ரெண்டு திட்டமும் ஒருங்கிணைஞ்சு மிச்சத்தை கட்டிறதை நாங்கள் கிளினிக்கில ஒவ்வொரு நாளும் செய்யிறம். புருசன் பிளான் முதல், மனுசி பிளான் ரெண்டாவது எண்டு தனியார் இன்சூரன்ஸிலயும் எத்தினையோ வருசமா அதே வேலைதான். மாகாணத் திட்டத்தோட சேர்ந்து கட்ட ஏலுமெண்டால் 600 டொலர் கம்பனி பிளானோட சேர்ந்து கட்ட ஏன் ஏலாது? முதலாளி நிப்பாட்டுவார் எண்ட பயத்துக்கும் வழி இருக்கு. பிளான் வருசத்துக்கு எவ்வளவு குடுக்குது எண்டு 45ஆம் கட்டத்தோடயே இன்னொரு கட்டத்தில கேக்கட்டும், ஒரு அளவுக்கு கீழ இருக்கிற பிளானுக்கு மட்டும் மிச்சத்தை பாக்கட்டும். உங்கட பிளான் நல்ல பிளான் எண்டால் உங்கட ஆக்களுக்கு அது தேவையே வராது.

இன்னொண்டு, சிடிசிபி இருந்தால் எல்லாம் இலவசம் எண்டும் நினைக்கவேண்டாம். குடும்ப வருமானம் 70,000இல இருந்து 79,999 வரைக்கும் எண்டால் 40 வீதம் நீங்கள் கட்டவேணும், 80,000இல இருந்து 89,999 வரைக்கும் 60 வீதம். அதைவிட, டொக்டரின்ர கட்டணம் திட்டத்தின்ர கட்டணத்தை விட கூட எண்டால் அந்த வித்தியாசமும் உங்கட தலையில. கிரவுனுக்கு முதல்லயே அனுமதி எடுக்கவேணும், இம்ப்ளான்ட், பிரிட்ஜ், நைட் கார்ட் ஒண்டும் இல்லை.


நோர்த்யோர்க்_மாணவன்:
நானும் இதே நிலைமைதான் அக்கா. மதுரையில இருந்து படிக்க வந்தேன், ரெண்டாவது வருஷம். காலேஜ் ஸ்டூடண்ட் யூனியன் ஃபீஸ்லயே டென்டல் பிளான் சேந்து வருது, சில பேர் ஆப்ட் அவுட் பண்ணி அந்த காசை வாங்கிட்டாங்க, நானும் பண்ணேன் ஏன்னா அந்த மாசம் வாடகைக்கு இடிச்சுது. இப்ப விஸ்டம் டூத் வலி. சிடிசிபிக்கு சிட்டிசனா இருக்கணும்னு அவசியம் இல்ல, டாக்ஸ் ரெசிடென்ட்டா இருந்து போன வருஷ ரிட்டர்ன் ஃபைல் பண்ணிருந்தா போதும்னு கேள்விப்பட்டு சந்தோஷமா உக்காந்தா, காலேஜ் பிளான் கிடைக்கிற நிலைமை இருந்துச்சான்னு கேக்குது. இருந்துச்சு. வேணாம்னு விட்டாலும் அது கணக்குல வரும்னு இப்பதான் புரியுது. இதை ஆப்ட் அவுட் பண்ற பக்கத்துல பெருசா எழுதி வைக்கக் கூடாதாங்க? எண்பது நூறு டாலரைப் பாத்து நான் எதை விட்டேன்னு எனக்கே தெரியல.


காவேரிக்கரை:
தம்பி, அடுத்த செப்டம்பர்ல ஆப்ட் அவுட் பண்ணாதீங்க, அதுவரைக்கும் கீழ யாராவது ஸ்டூடண்ட் கிளினிக் பத்தி சொல்லுவாங்க பாருங்க.

சிடிசிபிக்கு குடும்ப வருமானம் 90,000க்கு கீழ இருக்கணும், அந்தக் கோட்டுக்கு கொஞ்சம் மேல இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம், இது நிறைய பேருக்கு தெரியல. அவங்க பாக்குறது மொத்த சம்பளம் இல்ல, குடும்பத்தோட சரிசெஞ்ச நிகர வருமானம், ரிட்டர்ன்ல 23600ஆம் வரியில இருந்து ஆரம்பிக்குற கணக்கு. அந்த வரிக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆர்ஆர்எஸ்பிங்கிற ரிட்டயர்மெண்ட் சேமிப்புல போட்டது, யூனியன் சந்தா, டேகேர் செலவு எல்லாம் கழியும். ஒரு குடும்பம் 92,400ல நின்னாங்க, மூணு பிள்ளைங்க, அவர் ஓவர்டைம் பாத்ததால ஏறினது. ஆர்ஆர்எஸ்பி ரூம் இருந்துச்சு, வருஷம் முடிஞ்சு முதல் 60 நாளுக்குள்ள போட்டா போன வருஷத்துக்கே கழிச்சுக்கலாம், 3,000 போட்டாங்க, 89,400 ஆச்சு. அவங்க வீட்ல யாருக்கும் வேலையில டென்டல் இல்ல, அதனால அஞ்சு பேருக்கும் கிடைச்சுது, 60 சதவீதம் அவங்க கட்டணும்தான், ஆனாலும் கதவு திறந்துச்சு.

ஆனா யோசிச்சுப் பாருங்க, 90,000ங்கிறது புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேருக்கும் அதுதான், மூணு பிள்ளைங்களோட அஞ்சு பேருக்கும் அதுதான். பிள்ளைங்க எத்தனைன்னு பாக்காம ஒரு கோடு போட்டது சரியில்லைன்னு நான் ஒவ்வொரு சீசனும் ஆளுங்க முகத்தைப் பாத்து சொல்லிட்டு இருக்கேன். எல்லாராலயும் 3,000 எடுத்து ஆர்ஆர்எஸ்பில போட முடியுமா? கையில காசு இருக்கிறவனுக்குத்தான் இந்த வழியும்.

வாணி அக்கா, கைக்காசு கட்டினா ரசீது எல்லாம் வெச்சுக்கோங்க, மெடிக்கல் எக்ஸ்பென்ஸ்ல போடலாம். நிகர வருமானத்துல 3 சதவீதத்துக்கு மேல போற தொகைக்குத்தான் கிரெடிட், அதனால உங்க ரெண்டு பேர்ல வருமானம் கம்மியா இருக்கிறவர் பேர்ல போட்டா பொதுவா பலன் ஜாஸ்தி, ஆனா அவருக்கு கட்டவேண்டிய வரி கொஞ்சமாவது இருக்கணும்.


கண்மணி_அஜாக்ஸ்:
குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். என்ர அம்மா சுப்பர் வீசாவில, அதுதான் பெற்றார் நீண்டகாலம் வந்து நிக்கிற பார்வையாளர் வீசாவில, வந்து நிக்கிறா, வீசாவுக்கு எடுத்த ஒரு லட்சம் டொலர் இன்சூரன்ஸ் இருக்கு. முன்பல்லு ஆடுது, முரசு எல்லாம் வீக்கம். அந்த இன்சூரன்ஸில கேட்டால் விபத்தில உடைஞ்சால் பாப்பம், திடீர் வலிக்கு ஒரு சின்னத் தொகை, முரசு வருத்தம் பழசு எண்டு சொல்லிட்டினம். இவாக்கு ஓஹிப்பும் இல்லை. ஒன்ராறியோவின்ர சீனியர் டென்டல் எண்டு ஒண்டு இருக்காமே?


பல்சுத்தம்_மார்க்கம்:
இருக்கு கண்மணி, ஒன்ராறியோ சீனியர்ஸ் டென்டல் கெயார் புரோகிராம், 2019இல தொடங்கினது. 65 வயசு, தனி ஆளெண்டால் வருச வருமானம் 25,000க்கு மேல போகக்கூடாது, சோடியெண்டால் 41,500, வேற டென்டல் இருக்கக்கூடாது. பார்வையாளரா வந்து நிக்கிற அம்மாவுக்கு சரிவராது, ஒன்ராறியோவில குடியிருக்கிறாக்களுக்கான திட்டம். வேற சீனியர் ஆரும் வாசிச்சால், அது பப்ளிக் ஹெல்த் கிளினிக், சமூக சுகாதார நிலையங்களிலதான் செய்யினம், நினைச்ச டொக்டரிட்ட போக ஏலாது, லைன் நீளம், இப்பவே பேரைக் குடுங்கோ.

அம்மாவுக்கு நான் சொல்லுறது, முதல்ல முரசு கிளீனிங். ஒன்ராறியோவில 2007இல இருந்து ஹைஜீனிஸ்ற்மார் தாங்களாவே கிளினிக் வைச்சு கிளீனிங் செய்யலாம், டென்டல் ஒஃபிசை விட அனேகமா குறைவு. டவுன்டவுன்ல ஜோர்ஜ் பிரவுண் காலேஜிலயும் ஹைஜீன் பிள்ளையள் படிப்புக்காக செய்யினம், நேரம் எடுக்கும், ஆனா ஒவ்வொரு கட்டமும் ரீச்சர் வந்து பாப்பா. ரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ குளிசை போடுறவா எண்டால் மறக்காமல் அந்தப் பேரெல்லாம் எழுதிக் கொண்டுபோங்கோ, நீரிழிவு கூடினால் முரசு ஆறாது.


மல்வேர்ண்_அண்ணை:
பேப்பர் இல்லாமல் இருக்கிற ஆக்களையும் மறக்கக்கூடாது. எனக்கு தெரிஞ்ச ஒரு பெடியன், பேர் ஊர் வேண்டாம், கேஸ் மறுத்துட்டினம், காசுக்கு கிச்சன் வேலை, ரக்ஸ் ஃபைல் பண்ணினதே இல்லை, ரக்ஸ் இல்லையெண்டால் சிடிசிபியும் இல்லை. அகதிக் கேஸ் நடக்கேக்க பெடரல் இடைக்காலத் திட்டத்தில அவசரப் பல்லு வேலை கிடைச்சது, இப்ப எல்லாம் முடிஞ்சுது. ஆறு மாசம் பனடோலில ஓடினவன், ஒருநாள் கண் மூடுற அளவுக்கு கன்னம் வீங்கி எமர்ஜென்சிக்கு நான்தான் கொண்டுபோனனான், எட்டு மணித்தியாலம் இருந்து அன்டிபயோட்டிக்கும் நோக்குளிசையும் எழுதித் தந்தவை, பல்லு டொக்டரைப் பாருங்கோ எண்டு அனுப்பிட்டினம். அங்க பல்லு டொக்டர் இல்லை, அவையில பிழை இல்லை. பல்லு பல்லாவே கிடக்கு.

2014ஆம் வருசம் ஒன்ராறியோவில பல்லுப் பிரச்சினைக்கு எமர்ஜென்சிக்கு போனது கிட்டத்தட்ட 61,000 தடவை, செலவு குறைஞ்சது 3 கோடி 10 லட்சம் டொலர் எண்டு கணக்கு வந்தது. அவ்வளவும் நோக்குளிசைக்கு. தீபன் தம்பி, காசு எங்க இருந்து வாறது எண்டு கேட்டனீர், இங்கயும் கொஞ்சம் கிடக்கு.

மாகாணங்கள் தாங்களா செய்ய ஏலாது எண்டும் இல்லை. சஸ்கச்சுவானில 1974இல இருந்து 1987 வரைக்கும் பள்ளிக்கூடத்துக்குள்ளயே டென்டல் தெரபிஸ்ற்மாரை வைச்சு பிள்ளையளுக்கு பல்லு அடைச்சு விட்டவை, இன்சூரன்ஸ் இருக்கோ எண்டு கேக்காமல். யூகான்ல 2023இல இன்சூரன்ஸ் இல்லாத ஆக்களுக்கு வருசம் 1,300 டொலர் வரைக்கும் எண்டு தொடங்கினவை. ஒன்ராறியோ சீனியருக்கு வைச்ச 25,000 எல்லை இந்த வாடகைக் காலத்தில எந்த மூலைக்கு காணும்?


தீபன்_பிராம்ப்டன்:
அண்ணை, அந்த எமர்ஜென்சி கணக்கு எனக்கு தெரியாது. ரெண்டாவதா கட்டிற முறையெண்டால், அதுவும் குறைஞ்ச பிளானுக்கு மட்டும் எண்டால், எனக்கு மறுப்பு இல்லை. என்ர கம்பனி பிளானை இண்டைக்கு இரவு எடுத்துப் பாத்தனான், வருசத்துக்கு 1,000, ரூட் கனால் 50 வீதம், கிரவுன் இல்லை. என்னட்ட வேலை செய்யிற ஒரு அக்கா போன வருசம் கிரவுன் போடாமல் விட்டவா, ஏன் எண்டு நான் அப்ப கேக்கேல்ல.


நோர்த்யோர்க்_மாணவன்:
ஸ்டூடண்ட் கிளினிக் பத்தி யாருக்காவது நேர்ல அனுபவம் இருக்கா?


ஸ்காபரோவாணி:
தம்பி, எனக்கு இருக்கு இப்ப! மூண்டு கிழமையா இங்க எழுத நேரம் கிடைக்கேல்ல. டவுன்டவுன் எட்வர்ட் ஸ்ட்ரீட்டில ரொறன்ரோ யுனிவர்சிட்டியின்ர பல்லு வைத்திய பீடம் இருக்கு, படிக்கிற பிள்ளையள் செய்யிறது, வெளியில கட்டிற காசை விட குறைவு. முதல்ல ஸ்கிரீனிங்குக்கு கூப்பிட்டு எங்கட கேஸ் அவைக்கு படிப்புக்கு பொருந்துமோ எண்டு பாக்கினம், எல்லாரையும் எடுக்கிறதில்லை. என்னை எடுத்தவை. ஒரு பிள்ளை, எங்கட மூத்தவளை விட ஏழெட்டு வயசு கூட இருக்கும், பல்லைச் சுத்தி பச்சை ரப்பர் துணி கட்டி, சின்ன ஊசி மாதிரி ஃபைலை ஒவ்வொண்டா நம்பர் பாத்து எடுக்குது, ஒவ்வொரு கட்டத்திலயும் கையைத் தூக்கும், புரொஃபசர் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாத்து தலையாட்டினால்தான் அடுத்தது. ஒரு தரம் போனால் மூண்டு மணித்தியாலம். வேலையில லீவு எடுக்கவேணும், அந்தச் சம்பளமும் போகுது, அதையும் கணக்கில வையுங்கோ. ஆனா முதல் நாளுக்கு பிறகு நான் இரவில நித்திரை கொள்ளுறன். ரூட் கனால் முழுக்க வெளியில சொன்னதின்ர அரைவாசிக்கு கிட்டத்தான் வருது. கிரவுனுக்கு இன்னும் காசு சேர்க்கவேணும்.

இன்னொண்டு, இளையவனுக்கு ரெண்டு பல்லு சூத்தை எண்டு கிளீனிங்கில கண்டுபிடிச்சவை, 600 டொலரில மிச்சம் காணாது. பல்சுத்தம் அக்கா தனிமடலில, ஒன்ராறியோவின்ர பிள்ளையளுக்கான பல்லுத்திட்டம் ஹெல்தி ஸ்மைல்ஸில அவசர பிரிவு இருக்கு எண்டு சொன்னவா. 17 வயசு வரைக்கும், பல்லு அவசரம், குடும்பத்துக்கு காசு கஷ்டம் எண்டால் பப்ளிக் ஹெல்தால போடலாம், ஃபோர்ம் குடுத்திட்டன்.

ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வீட்டு வாசலில வந்து கையெடுத்து கும்பிடுற எம்பியின்ர ஒஃபிசுக்கு ஃபோன் எடுத்தனான். சிடிசிபி விதி பெடரல், அதால எம்பி. சீனியர் திட்டத்தின்ர வருமான எல்லை மாகாணம், அதுக்கு எம்பிபி, மாகாணசபை உறுப்பினர். அங்க இருந்த பிள்ளை வடிவா கேட்டவா, எழுத்தில கொண்டுவாங்கோ, உங்கட பெனிஃபிட் புத்தகத்தின்ர அந்தப் பக்கத்தையும் கொண்டுவாங்கோ எண்டு சொன்னவா. நான் ஒரு பக்கத்தில எழுதியிருக்கிறன்: 45ஆம் கட்டத்தோட பிளானின்ர வருசத் தொகையையும் கேளுங்கோ, குறைஞ்ச பிளானுக்கு சிடிசிபியை ரெண்டாவதா கட்ட விடுங்கோ, 90,000ஐ பிள்ளையளின்ர எண்ணிக்கையைப் பாத்து வையுங்கோ, ஆப்ட் அவுட் பண்ணின மாணவரை அந்த வருசத்தோட மன்னிச்சு விடுங்கோ.


காவேரிக்கரை:
அக்கா, மூணாவது பாயிண்ட்ல 23600ஆம் வரின்னு நம்பரோட எழுதுங்க, அப்பதான் படிக்கிறவங்க தட்டிக் கழிக்க முடியாது. இன்னொரு விஷயம், இதை வாசிக்கிற, ஏற்கனவே சிடிசிபி இருக்கிறவங்க எல்லாரும் ஒவ்வொரு வருஷமும் ரினியூ பண்ணணும், ஜூலை 1க்கு புது வருஷம். ரெண்டு பேரும் டாக்ஸ் ஃபைல் பண்ணி அசெஸ்மெண்ட் கையில வந்திருக்கணும். ஒருத்தர் மட்டும் ஃபைல் பண்ணிட்டு இன்னொருத்தர் விட்டுட்டா ரெண்டு பேருக்கும் திட்டம் நின்னு போயிடும்.


மல்வேர்ண்_அண்ணை:
ஐயாவை கூட்டிக்கொண்டு நானும் வாறன் பிள்ளை. அவர் ஒண்டும் கதைக்க மாட்டார், ஆனா வந்து இருக்கட்டும்.


தீபன்_பிராம்ப்டன்:
என்ர பிளான் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து தாறன், கம்பனிப் பேரை மறைச்சுப்போட்டு. முதலாளி ஒருத்தரும் இதைக் கேக்கிறார் எண்டு இருந்தால் நல்லம். எத்தினை மணிக்கு?


ஸ்காபரோவாணி:
வெள்ளிக்கிழமை பின்னேரம் 3 மணி அண்ணை. அண்டைக்கு காலமை எனக்கு எட்வர்ட் ஸ்ட்ரீட்டில கடைசி நரம்பு அடைக்கிறது, விறைப்பு ஊசி முழுக்க இறங்கியிராது, நான் கொஞ்சம் கொன்னைக் கொன்னையாத்தான் கதைப்பன், அதால கடிதத்தை நீங்கள் வாசியுங்கோ. மாணவத் தம்பி, ஸ்கிரீனிங்குக்கு ஃபோன் எடுத்தனீரோ? விஸ்டம் டூத்துக்கும் அங்க பாக்கினம், திங்கள் விடியவே எடும்.